அடுத்தவர் டைரியைப் படிப்பது எப்படி? பிரிட்டிஷ் ஆவணக் காப்பகங்களுக்கு ஒரு முதல் வழிகாட்டி

அடுத்தவர் கடிதத்தைப் பிரித்துப் படிக்கக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். பிரிட்டனின் ஆவணக் காப்பகங்களுக்குள் போவதென்றால் அந்தக் கூச்சத்தை வாசலிலேயே விட்டுவிட வேண்டியதுதான். இருநூறு வருடங்களுக்கு முன் ஒரு பெண் தன் தங்கைக்கு எழுதிய கடிதம், கிராமத்துப் பாதிரியார் ஒருவரின் தினசரிக் குறிப்பு, ஒரு சிறுமி பசை தடவி ஒட்டி நிரப்பிய ஸ்கிராப் புக் எல்லாவற்றையும் கேட்டால் மேசைக்கே கொண்டுவந்து தருகிறார்கள். பெரும்பாலான இடங்களில் படிக்கக் கட்டணம் கிடையாது. என்ன பட்டம் வாங்கியிருக்கிறாய் என்றும் கேட்பதில்லை.

ஆனால் முதல்முறை போகிறவர்களில் பலர் வெறுங்கையோடு திரும்புகிறார்கள். நானும் அப்படித் திரும்பியவன்தான். நூலகத்தில் தேடுவதுபோலக் காப்பகத்திலும் தேடியதுதான் தப்பு. நூலகத்தில் புத்தகங்கள் பொருள்வாரியாக இருக்கும்; காப்பகத்தில் ஆள்வாரியாக. ஒரு குடும்பத்திடமிருந்து வந்த காகிதங்களை இன்னொரு குடும்பத்துக் காகிதங்களோடு கலக்காமல், முடிந்தவரை வந்த வரிசையிலேயே வைத்திருப்பதுதான் காப்பாளர்களின் தொழில் தர்மம். அதனால் கடைசிவரை ஒரே கேள்வியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்: இது யார் வீட்டுப் பெட்டி?

முதல் படி: எது எந்த ரகம்

கடிதம், டைரி, ஒட்டுப் புத்தகம் மூன்றும் ஒரே பெட்டியில் கிடக்கலாம். ஆனால் மூன்றையும் ஒரே மாதிரி படிக்க முடியாது.

கடிதத்தில் புதியவர்கள் ஏமாறுவது ஒரே இடத்தில். ஒருவர் வீட்டுப் பெட்டியில் இருப்பவை அவருக்கு *வந்த* கடிதங்கள். அவர் எழுதியவை, யாருக்கு எழுதினாரோ அவர்கள் வீட்டுப் பெட்டியில் இருக்கும். ஒரு கேப்டன் எழுதியதைத் தேடுகிறீர்கள் என்றால் அவருடைய அக்கா எந்த ஊரில் வாழ்க்கைப்பட்டார் என்று பாருங்கள். விதிவிலக்கும் உண்டு. வியாபாரிகளும் அதிகாரிகளும் அனுப்பிய கடிதங்களின் நகலைத் தனி நோட்டில் எழுதி வைத்தார்கள். அதற்கு லெட்டர் புக் என்று பெயர். நீராவி எந்திரத்தால் பேர் வாங்கிய ஜேம்ஸ் வாட், ஈர மெல்லிதாளில் கடிதத்தை அழுத்தி நகலெடுக்கும் முறைக்கு 1780இல் காப்புரிமை வாங்கினார். அப்படி எடுத்த மங்கிய நகல்களும் பெட்டிகளில் வரும்.

டைரியில் கேட்க வேண்டியது, யார் படிப்பதற்காக எழுதியது என்பது. லண்டன் கடற்படை அதிகாரி சாமுவேல் பீப்ஸ் 1660 ஜனவரி 1இல் தொடங்கி 1669 மே 31 வரை எழுதியது பெரும்பாலும் சுருக்கெழுத்தில். லண்டன் பெருந்தீயின்போது பார்மசான் சீஸைக் குழி வெட்டிப் புதைத்தது முதல் மனைவிக்குத் தெரியக் கூடாத சங்கதிகள் வரை எல்லாம் அதில் உண்டு. அதன் ஆறு தொகுதிகள் கேம்பிரிட்ஜ் மாக்டலீன் கல்லூரியில் அவருடைய நூலகத்திலேயே இருக்கின்றன. இதற்கு நேர் எதிர், 1937இல் தொடங்கிய மாஸ் அப்சர்வேஷன். சாதாரண மனிதர்கள் தங்கள் அன்றாடத்தை எழுதி அனுப்பும்படி கேட்டுக்கொண்ட இயக்கம் அது. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதையொட்டியும் சுமார் 480 பேர் டைரி எழுதி அனுப்பினார்கள். இன்று அவை பிரைட்டனுக்கு அருகே தி கீப் என்ற காப்பகத்தில் இருக்கின்றன. பீப்ஸ் ஒளித்துவைக்க எழுதினார். இவர்கள் தபாலில் போடுவதற்காக எழுதினார்கள். இரண்டுக்கும் டைரி என்றுதான் பெயர். இரண்டையும் ஒரே நம்பிக்கையோடு படித்தால் ஏமாந்துபோவோம். (நமக்கு டைரி என்றதும் ஆனந்தரங்கப் பிள்ளைதான் நினைவுக்கு வருவார். அவர் யாருக்காக எழுதினார் என்பதை எவ்வளவு பேசினாலும் தீராது.)

கையில் இருப்பது அசலா, நகலா என்பதையும் பாருங்கள். விக்டோரியா மகாராணி 13 வயதில், 1832இல் டைரி எழுதத் தொடங்கி 1901இல் சாகும்வரை எழுதினார். இன்று இருப்பதில் பெரும்பகுதி அவர் கையெழுத்து அல்ல. மகள் பீட்ரிஸ், தாயின் விருப்பப்படி, வேண்டாததை விட்டுவிட்டுச் சுருக்கி எழுதிக்கொண்டே அசலைக் கொளுத்தியிருக்கிறார். தொடக்க ஆண்டுகளுக்கு மட்டும், எரிப்பதற்கு முன் எஷர் பிரபு தட்டச்சு செய்து வைத்த படி ஒன்று தப்பியது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் மகள் எதையெல்லாம் விழுங்கியிருக்கிறாள் என்பது தெரியும். நாவலாசிரியை ஜேன் ஆஸ்டின் கடிதங்களின் கதையும் இதுதான். அக்கா கசாண்ட்ரா எரித்தது போக மிஞ்சியவை சுமார் 160. ஆக, பெட்டியில் இல்லாததும் ஒருவர் எடுத்த முடிவுதான்.

ஒட்டுப் புத்தகத்துக்குத் தனியாக ஒரு வார்த்தை

ஆராய்ச்சிக்காரர்கள் ரொம்ப நாளாகக் கண்டுகொள்ளாத ரகம் இது. அட்டவணையில் பெரும்பாலும் ஒற்றை வரியில் முடித்துவிடுவார்கள்: ஸ்கிராப் புக், ஒரு தொகுதி, 19ஆம் நூற்றாண்டு. உள்ளே 300 துண்டுகள் இருக்கும். நாடக நோட்டீஸ், ரயில் டிக்கெட், பத்திரிகை நறுக்கு, காய்ந்த பூ, விசிட்டிங் கார்டு, விக்டோரியா காலத்தில் தாள் தாளாக விற்ற வண்ணப் பூ பொம்மைப் படங்கள். பெயர் தெரியாத துண்டு எதுவும் கணினித் தேடலில் சிக்காது. நேரில் புரட்டினால்தான் உண்டு.

இயற்கை ஆய்வாளர் ஜோசப் பாங்க்ஸின் தங்கை சாரா சோஃபியா பாங்க்ஸ், 1818இல் இறக்கும்வரை 20,000க்கும் மேற்பட்ட துண்டுக் காகிதங்களைச் சேர்த்தார். கடை விளம்பரம், அழைப்பிதழ், கண்காட்சி டிக்கெட், பலூன் பறக்கவிட்ட செய்திகள். அண்ணன் உலகத்துச் செடிகளைச் சேர்த்தார். தங்கை லண்டன் தெருவில் குப்பைக்குப் போக வேண்டியதைச் சேர்த்தார். அன்று இதைக் கிறுக்குத்தனம் என்று நினைத்தவர்கள் உண்டு. இன்று அவை பிரிட்டிஷ் மியூசியத்திலும் பிரிட்டிஷ் நூலகத்திலும் இருக்கின்றன. அதே பிரிட்டிஷ் நூலகத்தில், பெண்கள் வாக்குரிமைப் போராட்டத்தில் இருந்த மாட் ஆர்ன்கிளிஃப் செனட் ஒட்டிச் சேர்த்த 37 தொகுதிகளும் உள்ளன. போராட்டம் நடந்துகொண்டிருந்தபோதே, எதிர்ப்பாளர்களின் கேலி நோட்டீஸையும் விடாமல் ஒட்டிய பெண்மணி.

படிக்கும் முறை இதுதான். முதலில் விரித்த இரு பக்கத்தையும் முழுதாக ஒரு படம் எடுங்கள். பிறகு தனித்தனித் துண்டுகளுக்கு வாருங்கள். எதன் பக்கத்தில் எது ஒட்டப்பட்டிருக்கிறது என்பதுதான் ஒட்டியவருடைய பேச்சு. அது எந்தத் துண்டிலும் எழுதியிருக்காது. மரண அறிவிப்புக்குப் பக்கத்தில் ஒரு நாடக டிக்கெட் இருந்தால் நிறுத்தி யோசியுங்கள். ஒட்டிப் பிய்த்தெடுத்த தழும்பு இருந்தால் அதையும் குறித்துக்கொள்ளுங்கள். ஓரம் தூக்கிக்கொண்டு நிற்கும் துண்டின் பின்பக்கத்தைப் பார்க்க ஆசை வரும். கை வைக்காதீர்கள், ஊழியரைக் கூப்பிடுங்கள். பழைய பசையும் செய்தித்தாளும் மொறுமொறுவென்று இருக்கும், அப்பளத்தைத் தொடுவது மாதிரி.

இரண்டாம் படி: ஊரைத் தேடாதீர்கள், ஆளைத் தேடுங்கள்

முதலில் தட்ட வேண்டிய கதவு, லண்டனின் கியூ பகுதியில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தின் டிஸ்கவரி என்ற இணைய அட்டவணை. கியூவில் இருப்பது மட்டுமல்ல, நாடு முழுக்க 2,500க்கும் மேற்பட்ட காப்பகங்களில் உள்ளவற்றின் விவரங்களும் அதில் உண்டு. மாவட்டக் காப்பகங்கள், பல்கலைக்கழகங்கள், சின்னஞ்சிறு அருங்காட்சியகங்கள் எல்லாம் சேர்த்தி. பல்கலைக்கழகத் தொகுப்புகளுக்கு ஆர்கைவ்ஸ் ஹப் என்ற இன்னொரு தளம் இருக்கிறது. இரண்டிலும் தேடுங்கள், ஒன்றில் சிக்காதது மற்றதில் சிக்கும்.

நம் ஊரைப் பற்றிய வெள்ளைக்காரர் கடிதங்களைத் தேடுகிறவர்கள் தஞ்சாவூர் என்று தட்டிவிட்டுக் காத்திருப்பார்கள். ஒரு உதாரணம் சொல்கிறேன். எட்வர்ட் கிளைவ் 1798 முதல் 1803 வரை மெட்ராஸ் கவர்னராக இருந்தார். பிளாசியில் ஜெயித்த கிளைவின் மகன். எட்வர்டின் மனைவி ஹென்ரியட்டா, 1800இல் மகள்கள் இருவரையும் கூட்டிக்கொண்டு தென்னிந்தியாவைச் சுற்றிவந்தார். அவர்கள் குடும்பத்துக் காகிதங்களில் பெரும்பகுதி எங்கே இருக்கிறது? வேல்ஸ் நாட்டில், அபெரிஸ்ட்வித் என்ற கடலோர ஊரில் உள்ள தேசிய நூலகத்தில். ஹென்ரியட்டாவின் பிறந்த வீடு வேல்ஸிலுள்ள பவிஸ் கோட்டை என்பதுதான் காரணம். மெட்ராஸிலிருந்து புறப்பட்ட காகிதம் லண்டனோடு நின்றுவிடவில்லை, வீட்டுக்குப் போயிருக்கிறது. (கூடப் போன மகள்களில் ஒருத்தி சார்லட். பின்னாளில் நார்தம்பர்லண்ட் சீமாட்டியாகி, இளவரசி விக்டோரியாவுக்கே ஆசிரியையாக இருந்தவர்.)

அரசாங்கக் காகிதம் வேறு, வீட்டுக் காகிதம் வேறு. மெட்ராஸ் மாகாண அரசின் கோப்புகளுக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது. கலெக்டர் அலுவலகத்தில் எழுதியது அங்கே. அதே கலெக்டர் ராத்திரி உட்கார்ந்து அம்மாவுக்கு எழுதியது இங்கிலாந்தில் ஏதோ ஒரு மாவட்டக் காப்பகத்தில். அவர் எந்த மாவட்டத்துக்காரர், எந்தப் பள்ளியில் படித்தார், பெண்ணெடுத்தது எந்த வீட்டில் என்று முதலில் திரட்டுங்கள். இந்தியாவில் வாழ்ந்த பிரிட்டிஷ் குடும்பங்களைப் பற்றி ஃபிபிஸ் (FIBIS) என்ற சங்கம் இலவசமாகத் தேடக்கூடிய தரவுத்தளம் நடத்துகிறது. ஆள் யாரென்று பிடிக்க அது நல்ல இடம்.

இந்தியா சம்பந்தப்பட்ட தனியார் காகிதங்களில் பெரிய குவியல் லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில், இந்தியாவை லண்டனிலிருந்து நிர்வகித்த இந்தியா ஆபீஸின் ஆவணங்களோடு இருக்கிறது. அடிக்குறிப்புகளில் ‘எம்எஸ்எஸ் யூர்’ (Mss Eur) என்று தொடங்கும் எண்ணைப் பார்த்தால் அது இந்தத் தொகுப்பு என்று தெரிந்துகொள்ளுங்கள். அடுத்து, கேம்பிரிட்ஜ் தெற்காசிய ஆய்வு மையம். இந்தியாவிலிருந்து திரும்பிய குடும்பங்களிடம் 1960களிலிருந்து கேட்டுக் கேட்டு வாங்கிச் சேர்த்த கடிதங்களும் நினைவுக் குறிப்புகளும் அங்கே உண்டு. அவர்கள் வீட்டு சினிமாச் சுருள்களை இணையத்திலேயே பார்க்கலாம்.

ஊர்ப் பெயரைத் தட்டித்தான் ஆக வேண்டும் என்றால் அந்தக் காலத்து எழுத்துக்கூட்டலில் தட்டுங்கள். திருச்சிக்கு ட்ரிச்சினோபோலி (Trichinopoly), தூத்துக்குடிக்கு டூட்டிகோரின் (Tuticorin), தரங்கம்பாடிக்கு ட்ராங்கபார் (Tranquebar), உதகைக்கு ஊட்டகமண்ட் (Ootacamund). அதிலும் ஒவ்வொருவர் ஒவ்வொரு மாதிரி எழுதியிருப்பார்.

மூன்றாம் படி: அட்டவணையைப் படிப்பது

அட்டவணைப் பதிவு ஒரு வம்சாவளி மாதிரி இருக்கும். மேலே முழுத் தொகுப்பு, அதன் கீழ் பிரிவு, அதன் கீழ் கட்டு, கடைசியில் தனிக் கடிதம். தேடல் உங்களைக் கொண்டுபோய் நிறுத்துவது கடைசிப் படியில். அங்கேயே படித்துவிட்டுத் திரும்பாமல் மேலே ஏறி, குடும்ப வரலாறு, காகிதம் எந்தக் கை மாறி வந்தது, மொத்தம் எத்தனை பெட்டி, பார்க்கத் தடை ஏதும் உண்டா என்ற நான்கையும் படியுங்கள். உயிரோடிருப்பவர்களைப் பற்றிய விவரம், மருத்துவக் குறிப்பு போன்றவற்றை வருடக்கணக்கில் மூடி வைப்பது உண்டு. விமான டிக்கெட் போட்டுப் போய் நின்ற பிறகு இது தெரியவந்தால் வயிற்றெரிச்சல்தான்.

குறிப்பெண்ணை ஒரு புள்ளி, ஒரு சாய்கோடு விடாமல் எழுதிக்கொள்ளுங்கள். அந்த எண்தான் உங்கள் ஆவணத்தின் முகவரி.

நான்காம் படி: காப்பாளருக்கு ஒரு மின்னஞ்சல்

தயங்காமல் எழுதுங்கள். அங்குள்ளவர்கள் பொதுவாகப் பதில் போடுகிறவர்கள். ஆனால் வாழ்க்கை வரலாறு வேண்டாம், ஒரு பத்தி போதும். யாரைப் பற்றி, எந்த வருடங்கள், எந்தக் குறிப்பெண், எந்தத் தேதியில் வருகிறீர்கள், படம் எடுக்கலாமா. பல மாவட்டக் காப்பகங்கள் வாரத்தில் சில நாட்கள்தான் திறந்திருக்கும். சில ஆவணங்கள் வெளியூர்க் கிடங்கிலிருந்து வர வேண்டியிருக்கும். இணைய அட்டவணைக்கு வராமல் அட்டையிலும் தட்டச்சுப் பட்டியலிலும் மட்டும் இருப்பவை இன்னும் நிறைய. அவை காப்பாளருக்கு மட்டுமே தெரியும். பிரிட்டிஷ் நூலகம் 2023 அக்டோபரில் இணையத் தாக்குதலுக்கு ஆளாகி அதன் அட்டவணைகள் முடங்கின. சேவைகள் படிப்படியாகத்தான் திரும்பின. எனவே அங்கே போவதென்றால் உங்களுக்கு வேண்டியது இப்போது கிடைக்கிறதா என்று கேட்டுவிட்டே கிளம்புங்கள்.

ஐந்தாம் படி: வீட்டிலிருந்தே பழகுவது

விசா, டிக்கெட் எல்லாம் பிறகு. முதலில் கண்ணைப் பழக்குங்கள். கியூ காப்பகத்தின் தளத்தில் 1500 முதல் 1800 வரையான ஆங்கிலக் கையெழுத்தைப் படிக்க இலவசப் பாடம் இருக்கிறது. பத்து நாள், நாளுக்கு அரை மணி நேரம் ஒதுக்கினால் பயம் போய்விடும். சார்லஸ் டார்வின் எழுதியதும் அவருக்கு வந்ததுமாக 15,000க்கும் மேற்பட்ட கடிதங்களின் எழுத்துவடிவம் கேம்பிரிட்ஜ் திட்டமொன்றின் தளத்தில் இலவசம். படம் உள்ள கடிதமாக எடுத்து, எழுத்துவடிவத்தை மூடி வைத்துவிட்டு நீங்களே படித்துப் பார்த்துத் திருத்திக்கொள்ளலாம். மருத்துவ வரலாற்றுக்குப் பேர்போன லண்டன் வெல்கம் கலெக்ஷனில் பழைய வீட்டு மருந்துக் குறிப்பு, சமையல் குறிப்பு நோட்டுகள் படமாகக் கிடைக்கும். பாட்டி வைத்திய நோட்டுக்கும் அவற்றுக்கும் அதிக தூரமில்லை.

இன்னொரு நல்ல வழி, தொண்டராகச் சேர்வது. லண்டன் யுனிவர்சிட்டி காலேஜில் உள்ள தத்துவவாதி ஜெரமி பெந்தமின் கையெழுத்துப் படிகளைப் பொதுமக்களே எழுத்துப்பெயர்க்கும், அதாவது படித்து அப்படியே தட்டச்சிடும் திட்டம் 2010இல் தொடங்கியது. பொதுமக்கள் ஆய்வுக்குக் கைகொடுக்கும் ஸூனிவர்ஸ் (Zooniverse) தளத்திலும் அவ்வப்போது இப்படிப்பட்ட வேலைகள் வரும். தப்பாகப் படித்தாலும் திருத்த ஆள் இருக்கும் இடத்தில் பழகுவது நல்லது.

ஆறாம் படி: அந்த நாள்

அடையாள அட்டையும் முகவரிச் சான்றும் எடுத்துப் போங்கள். அசல் வேண்டும், போனில் இருக்கும் படம் பல இடங்களில் செல்லாது. முன்கூட்டியே இணையத்தில் பதிவு செய்தால் நேரம் மிச்சம். பை, கோட், தண்ணீர் பாட்டில், சூயிங்கம் எல்லாம் லாக்கருக்குள். லேப்டாப், போன், தாள், பென்சில் ஆகியவற்றை மட்டும் ஒளி ஊடுருவும் பையில் போட்டு உள்ளே கொண்டுபோகலாம்.

பென்சில்தான், பேனா கூடாது. ஒரு மாவட்டக் காப்பகத்தில் என் சட்டைப் பையில் மறந்துபோன ஜெல் பேனாவைப் பார்த்ததும் அங்கிருந்த அம்மாள் முகம் மாறிய விதத்தை இன்னும் மறக்கவில்லை. கத்தி வைத்திருந்தால்கூட அவ்வளவு பதறியிருக்க மாட்டார்.

சினிமாவில் வெள்ளைக் கையுறை மாட்டிக்கொண்டு பழைய தாளைப் புரட்டுவார்களே, அது வேண்டாம். துணிக் கையுறை போட்டால் விரல் நுனிக்குத் தாள் தட்டுப்படாது, கிழித்துவிடுவோம். கழுவித் துடைத்த வெறுங்கை போதும். புகைப்படங்களுக்கு மட்டும் கையுறை தருவார்கள். புத்தகத்தை ஸ்பாஞ்சு ஆப்பின் மேல் வைத்து, தாள் எழாமல் இருக்கப் பாம்பு மாதிரி நீண்ட துணி எடையைப் போட வேண்டும். எல்லாம் அங்கேயே இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு கட்டை மட்டும் திறங்கள். கடிதங்கள் இருந்த வரிசை எக்காரணம் கொண்டும் மாறக் கூடாது. வரிசை தப்பாக இருப்பதாகத் தோன்றினால் நீங்களே திருத்தாமல் ஊழியரிடம் சொல்லுங்கள்.

பழைய மை பெரும்பாலும் மாசிக்காயும் அன்னபேதியும் சேர்ந்தது. எழுதிக் காய்ந்ததும் கறுப்பு, காலப்போக்கில் பழுப்பு. சில தாள்களில் எழுத்தின் வழியே தாளையே அரித்து ஓட்டை போட்டிருக்கும். அப்படிப்பட்ட தாள் வந்தால் புரட்டுவதற்கு முன் கேளுங்கள்.

ஏழாம் படி: கையெழுத்தோடு மல்லுக்கட்டுவது

முதல் கடிதத்தை எடுத்ததும் ஒன்றும் புரியாது. எல்லோருக்கும் அப்படித்தான். முதல் வரியிலிருந்து முட்டிமோத வேண்டாம். உங்களுக்கு ஏற்கெனவே தெரிந்த வார்த்தைகளிலிருந்து தொடங்குங்கள்: தேதி, ஊர்ப் பெயர், ‘மை டியர்’ என்ற விளிப்பு, ‘யுவர் ஒபீடியன்ட் சர்வன்ட்’ என்ற முடிப்பு. அவற்றில் உள்ள எழுத்துகளைத் தனித்தாளில் வரைந்து, அந்த ஆளுக்கென்று ஓர் அரிச்சுவடி போடுங்கள். பிறகு புரியாத வார்த்தைக்குள் அந்த எழுத்துகளைப் பொருத்திப் பாருங்கள்.

இதே முறையில்தான் மிகப் பெரிய பூட்டு ஒன்று திறந்தது. யார்க்‌ஷயரில் ஹாலிஃபாக்ஸ் ஊரின் நிலச்சுவான்தார் ஆன் லிஸ்டர், 1840இல் இறக்கும்வரை எழுதிய டைரி சுமார் 50 லட்சம் சொற்கள். அதில் ஆறில் ஒரு பங்கு, கிரேக்க எழுத்தும் கணிதக் குறியும் கலந்து அவரே உண்டாக்கிய ரகசிய எழுத்து. பெண்களோடு தனக்கிருந்த காதலை அதில்தான் எழுதினார். 1890களில் உறவினர் ஜான் லிஸ்டரும் நண்பர் ஆர்தர் பரலும் அதை உடைத்தார்கள். முதலில் ஓரிரு எழுத்துகளை மட்டும் ஊகித்தார்கள். பிறகு ‘கடவுளே என்’ என்று தொடங்கி, கடைசிச் சொல் மட்டும் ரகசிய எழுத்தில் இருந்த துண்டுத்தாள் ஒன்று கையில் கிடைத்தது. நம்பிக்கை என்ற பொருள்படும் ‘ஹோப்’ (hope) என்றுதான் அது இருக்க வேண்டும் என்று பிடித்தார்கள். நான்கு எழுத்து கிடைத்ததும் மற்றது அவிழ்ந்தது. படித்ததும் நண்பர் பதறிப்போய் எரித்துவிடச் சொன்னார்; ஜான் எரிக்கவில்லை. இன்று அந்த டைரி ஹாலிஃபாக்ஸ் காப்பகத்தில் இருக்கிறது, 2011இல் யுனெஸ்கோவின் பிரிட்டன் நினைவுப் பதிவேட்டிலும் ஏறிவிட்டது.

பீப்ஸ் டைரிக்கோ நேர் எதிர்க் கதை. 1819இலிருந்து மூன்று வருடம் மண்டையை உடைத்துக்கொண்டு ஜான் ஸ்மித் என்ற மாணவர் அந்தச் சுருக்கெழுத்தைப் படித்து முடித்தார். அந்தச் சுருக்கெழுத்தின் பாடப்புத்தகம் பீப்ஸின் அதே நூலகத்தில் இருந்தது. ஸ்மித்துக்கு அதை யாரும் சொல்லவில்லை. ஆகவே, கேளுங்கள். இந்த ஆளின் கையெழுத்தை இதற்கு முன் யாராவது எழுத்துப்பெயர்த்திருக்கிறார்களா என்பது நீங்கள் கேட்கும் முதல் கேள்வியாக இருக்கட்டும்.

இன்னும் சில பொறிகள். 1800 வாக்கில் வரை சொல்லின் நடுவில் வரும் எஸ், எஃப் மாதிரி நீண்டு கிடக்கும். ‘இன்ஸ்டன்ட்’ என்றால் இந்த மாதம், ‘அல்டிமோ’ போன மாதம், ‘ப்ராக்ஸிமோ’ அடுத்த மாதம். இவற்றைச் சுருக்கி எழுதியிருப்பார்கள். கடிதத்தின் ஓரம் கறுப்பு என்றால் வீட்டில் துக்கம்.

எழுதிய தாளையே திருப்பிக் குறுக்கேயும் எழுதியிருப்பதைப் பார்த்தால் மிரளாதீர்கள். 1840 ஜனவரியில் ஒரு பென்னி தபால் வரும்வரை, தூரத்தையும் தாளின் எண்ணிக்கையையும் வைத்துக் கூலி போட்டார்கள். பெரும்பாலும் பெற்றுக்கொள்கிறவர்தான் கொடுக்க வேண்டும். உறையும் ஒரு தாளாகக் கணக்காகும் என்பதால் கடிதத்தையே மடித்து அரக்கு வைத்தார்கள். தங்கைக்குச் செலவு வைக்கக் கூடாது என்று ஒரே தாளில் இரண்டு கடிதம் எழுதிய அக்காக்கள் ஏராளம். படம் எடுத்துத் திரையில் சாய்த்துப் பாருங்கள். ஒரு திசை வரிகள் மட்டும் எழுந்து நிற்கும்.

எட்டாம் படி: தேதியும் பணமும்

இங்கிலாந்தில் 1751 வரை புது வருடம் மார்ச் 25இல்தான் பிறந்தது. அதனால் 1710 பிப்ரவரி என்று போட்ட கடிதம் நம் கணக்கில் 1711. முதலாம் சார்லஸ் மன்னரின் தலையை வெட்டியது 1649 ஜனவரி 30 என்று இன்று படிக்கிறோம்; அன்று எழுதியவர்களுக்கு அது 1648. உஷாரான சிலர் 1659/60 என்று இரண்டையும் போட்டார்கள். ஸ்காட்லாந்தில் 1600 முதலே ஜனவரி 1. பிறகு 1752இல் செப்டம்பர் 2க்கு மறுநாள் செப்டம்பர் 14 ஆனது. மகன் அம்மாவுக்குப் பதில் போட்ட பிறகுதான் அம்மா கடிதமே எழுதியிருக்கிறாள் என்பதுபோல வரிசை வந்தால், குழப்பம் உங்கள் தலையில் இல்லை, காலண்டரில்.

பணம்: 12 பென்ஸ் ஒரு ஷில்லிங், 20 ஷில்லிங் ஒரு பவுண்டு, 1971 பிப்ரவரி 15 வரை. அணா பைசாக் கணக்கு போட்ட தாத்தாக்களின் பேரப்பிள்ளைகளுக்கு இது பெரிய விஷயமில்லை.

ஒன்பதாம் படி: குறிப்பெடுப்பது

பழைய கையெழுத்துப் படிகளில் பெரும்பாலும் பக்கத்துக்கு அல்ல, தாளுக்குத்தான் எண். நம் ஓலைச்சுவடியில் ஏட்டுக்கு எண் போடுவது மாதிரி: ஒரே எண்ணுக்கு முன்பக்கம், பின்பக்கம் என்று இரண்டு. குறிக்கும்போது எந்தப் பக்கம் என்பதையும் சேர்த்தே எழுதுங்கள். ஒரு முறை 140 படங்கள் எடுத்துவிட்டு வீட்டுக்கு வந்து பார்த்தால், எது எந்தக் கட்டு என்று எனக்கே தெரியவில்லை. இப்போதெல்லாம் ஒவ்வொரு கட்டைத் திறந்ததும் குறிப்பெண்ணைப் பென்சிலில் துண்டுத்தாளில் எழுதி, முதல் படமாக அதை எடுக்கிறேன்.

எழுத்துப்பெயர்க்கும்போது பிழையைத் திருத்தாதீர்கள். படிக்க முடியாத இடத்தில் ஊகித்து நிரப்பாமல் சதுர அடைப்புக்குள் புள்ளி வையுங்கள். வேலைக்காரர்களின் பெயர் வந்தால் விடாமல் குறியுங்கள். மெட்ராஸ் கடிதங்களில் பட்லரும் ஆயாவும் துபாஷியும் பக்கத்துக்குப் பக்கம் வருவார்கள், பெயர் மட்டும் வராது. எப்போதாவது ஒரு பெயர் தட்டுப்பட்டால் அது வேறெங்கும் கிடைக்காததாக இருக்கலாம்.

பத்தாம் படி: வெளியிடுவதற்கு முன்

இங்கேதான் பலர் மாட்டிக்கொள்கிறார்கள். கடிதத் தாள் யாரிடம் இருந்தாலும் காப்புரிமை எழுதியவருடையது, அவருக்குப் பின் வாரிசுகளுடையது. பெற்றவருக்கும் காப்பகத்துக்கும் தாள்தான் சொந்தம். இரண்டாவது சிக்கல் இன்னும் விநோதம். எழுதியவர் 1969க்கு முன் இறந்து, 1989 ஆகஸ்டு வரை அந்த எழுத்து அச்சேறாமலே இருந்திருந்தால், பிரிட்டிஷ் சட்டப்படி அதன் காப்புரிமை 2039 டிசம்பர் 31 வரை நீடிக்கிறது. 1780இல் எழுதிய காதல் கடிதமானாலும் அப்படித்தான். சொந்த ஆய்வுக்குப் படம் எடுத்துப் படிப்பதில் சிக்கல் இல்லை. புத்தகத்திலோ தளத்திலோ முழுக் கடிதத்தைப் போடுவதற்கு முன் காப்பகத்திடம் எழுதிக் கேளுங்கள். படத்தை வெளியிட பல இடங்களில் தனிக் கட்டணமும் உண்டு.

நீங்கள் எழுத்துப்பெயர்த்ததில் ஒரு பிரதியைக் காப்பகத்துக்கு அனுப்பி வையுங்கள்; பெரும்பாலும் சந்தோஷமாக வாங்கிக்கொள்வார்கள். அன்றைய வேலை முடிந்ததும் தாள்களை இருந்தபடியே அடுக்கி, பருத்தி நாடாவால் கட்டித் திருப்பிக் கொடுங்கள். இழுத்தால் அவிழ்கிற சுருக்காகப் போடுங்கள், கடுமுடிச்சு வேண்டாம். முடிச்சை அவிழ்க்கக் கட்டைப் போட்டு ஆட்டும்போதுதான் தாளின் ஓரம் முறிகிறது.